சேராமையை அறிவித்தல்: மின்னஞ்சல் சேர்ப்புநிலை அறிவிப்பின் வரலாறும் தமிழும்

முன்னுரை

சிலப்பதிகாரத்து வேனிற்காதையில், மாதவி தாழை மடலில் எழுதிய திருமுகத்தை வசந்தமாலை கோவலனிடம் கொண்டுசெல்கிறாள். அவன் அதனை வாங்க மறுக்கிறான். அவள் மீண்டு வந்து மறுத்தமையை மாதவிக்கு உரைக்கிறாள். பின்னர்ப் புறஞ்சேரி இறுத்த காதையில் மற்றொரு முடங்கல் கௌசிகன் வழியே கோவலன் கையை அடைகிறது. தூது பற்றி விரிவாகப் பேசும் நாம், வசந்தமாலை திரும்பி வந்து சொன்ன அந்தச் செய்தியைப் பெரும்பாலும் கடந்துவிடுகிறோம். மடலைச் சேர்ப்பது ஒரு தொழில். சேரவில்லை என்பதை எழுதியவருக்கு அவர் விளங்கிக்கொள்ளும் மொழியில் தெரிவிப்பது வேறொரு தொழில். இவ்விரண்டாவது தொழிலின் இக்கால வடிவமாகிய மின்னஞ்சல் சேர்ப்புநிலை அறிவிப்பை, பேச்சுவழக்கில் 'பவுன்ஸ்' என்று நாம் குறிப்பிடுவதை, இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

இவ்வறிவிப்பு எந்த மொழியிலும் எழுதப்படலாம் என்று 1996ஆம் ஆண்டிலேயே விதி வகுக்கப்பட்டது. அதனை ஒரு நிறுவனமோ சங்கமோ தன் விருப்பப்படி மாற்றி எழுதும் வசதியும் பரவலான மென்பொருளில் 2006ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயினும் நம் கைக்கு வருவது பெரும்பாலும் ஆங்கில அறிவிப்பே. இந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

வினா எழுந்த இடம் மெரிலேண்ட்ஸ். சிட்னி மாநகரின் மேற்கே, பாரமட்டாவுக்குத் தெற்கில் உள்ள இப்பகுதியிலும், அண்மையிலுள்ள வென்ட்வொர்த்வில், பெண்டில்ஹில், டூங்காபி முதலிய பகுதிகளிலும் 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர் பலர் குடியேறினர். இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரும் உளர். பிள்ளைகளை நாடி முதிய வயதில் வந்த பெற்றோருள் ஆங்கிலம் வாசிக்க இயலாதவர்கள், தமிழில் மின்னஞ்சல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இங்குள்ள சிறு தமிழ் அமைப்பு ஒன்றின் அஞ்சல் வழங்கியைப் பராமரித்த பட்டறிவே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

ஆங்கில உரைநடையின் காலம்

கணினிகளுக்கிடையே அஞ்சல் அனுப்பும் முறையை 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் செய்துகாட்டினார். அதன் நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்.எப்.சி. 821 என்னும் ஆவணமாக வெளியிட்டார். ஒரு வழங்கி மடலை ஏற்றுக்கொண்ட பின் அதனைச் சேர்க்க இயலாவிட்டால், அனுப்பியவருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அதில் உள்ள கடமை. மடலை ஏற்றல் என்பது அதற்குப் பொறுப்பேற்றல் ஆகும். அறிவிப்பு மடலின் அனுப்புநர் முகவரியை வெறுமையாக விடலாம் என்ற நுட்பமும் அங்கேயே உண்டு. இல்லாவிடில், சேராத அறிவிப்பைப் பற்றி மற்றோர் அறிவிப்பு, அதைப் பற்றி இன்னொன்று என முடிவின்றி நீளும்.

அறிவிப்பில் என்ன எழுதுவது என்பதை அந்நெறிமுறை கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் தன் குரலில் பேசியது. எரிக் ஆல்மன் எழுதிய செண்ட்மெயில், வழங்கிகளின் உரையாடலை அப்படியே கொட்டியது. டேனியல் பெர்ன்ஸ்டைனின் கியூமெயில், தன் பெயரைச் சொல்லி வணக்கம் கூறித் தொடங்கி, முயன்று கைவிட்டுவிட்டேன் என்று வருந்தி முடித்தது. யாவும் ஆங்கிலம். அனுப்புநர் இடத்தில் 'மெயிலர் டீமன்' என்ற பெயர். பின்னணியில் ஓயாது இயங்கும் நிரலைக் குறிக்கும் யுனிக்ஸ் வழக்கு அது. ஆனால் அச்சொல்லின் பேய் என்னும் பொருளை மட்டும் அறிந்த ஒருவருக்கு அப்பெயரில் வரும் மடல் எவ்வாறு தோன்றும் என்பதை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

இக்காலத்தில் சிட்னிக்கும் ஓர் இடம் உண்டு. மெரிலேண்ட்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய சிட்னி பல்கலைக்கழகத்தில் பாப் கும்மர்ஃபெல்டும் பியர்ஸ் லாடரும் உருவாக்கிய பிணைய மென்பொருளே, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களை அஞ்சலால் இணைத்த ஏ.சி.எஸ்.நெட் வலையமைப்புக்கு அடித்தளம். 1989 ஜூனில் மெல்பேர்ன் பல்கலைக்கழகம் ஹவாய் வழியே இணையத்துடன் நிலையாக இணைக்கப்பட்டது. இந்நாட்டுத் தமிழரின் மின்னஞ்சல் வரலாறு இப்பாதைகளின் மீது எழுந்தது.

எண் வேறு, உரை வேறு

1990களின் தொடக்கத்தில் அறிவிப்புகளின் பன்மை ஒரு சிக்கலாயிற்று. ஆயிரம் பேருக்கு மடல் அனுப்பும் ஒருவருக்கு நூறு அறிவிப்புகள் திரும்பினால், அவை நூறு வடிவங்களில் இருந்தன. ஒரு நிரலால் அவற்றை வாசித்துப் பிரிக்க இயலவில்லை. இதற்குத் தீர்வாகக் கீத் மூர், கிரெகரி வோட்ரே ஆகியோர் 1996 ஜனவரியில் ஆர்.எப்.சி. 1891 முதல் 1894 வரையிலான நான்கு ஆவணங்களை வெளியிட்டனர். 2003 ஜனவரியில் அவை 3461 முதல் 3464 வரை எனத் திருத்தப்பட்டன. இன்றும் நடைமுறையில் உள்ள அமைப்பு அதுவே.

அதன்படி அறிவிப்புக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதற்பகுதி மனிதர் வாசிப்பதற்கான உரை. இரண்டாம் பகுதி பொறி வாசிப்பதற்கான புலங்களும் எண்களும். மூன்றாவது, திரும்பிய மடல் அல்லது அதன் தலைப்புப் பகுதி. எண் மூன்று உறுப்புகள் கொண்டது. முதல் உறுப்பு 2 எனில் சேர்ந்தது. 4 எனில் தற்காலிகத் தடை, முயற்சி தொடரும். 5 எனில் நிலையான தோல்வி. இரண்டாம் உறுப்பு தடையின் களத்தையும் மூன்றாம் உறுப்பு அதன் விவரத்தையும் காட்டும். 5.1.1 என்பது முகவரி அங்கே பதிவில் இல்லை என்பதையும், 5.2.2 பெட்டி நிரம்பியதையும், 5.7.1 அனுமதி மறுக்கப்பட்டதையும் குறிக்கும்.

காகித அஞ்சலில் இதற்கு முன்னோடி உண்டு. 1874ஆம் ஆண்டில் பெர்ன் நகரில் உருவான உலக அஞ்சல் ஒன்றியத்தின் பொதுமொழி பிரெஞ்சு. நாடு கடந்து திரும்பும் மடலில் ஒட்டப்படும் சீட்டில் அறியப்படாதவர், ஏற்க மறுத்தார், இடம்பெயர்ந்தார், கேட்டுப் பெறப்படவில்லை என்ற காரணங்கள் பிரெஞ்சில் இருக்க, அந்தந்த நாட்டின் மொழியும் உடன் அச்சிடப்படும். அஞ்சலகங்களுக்குப் பொதுமொழி ஒன்று, மக்களுக்கு அவர்கள் மொழி ஒன்று. 1996இன் ஏற்பாட்டில் எண் பிரெஞ்சின் இடத்தைப் பெற்றது. அதனால் மக்களுக்கான உரை விடுதலை பெற்றது: முதற்பகுதி எந்த மொழியிலும், மைம் முறையில் வரையறுக்கப்பட்ட எந்த எழுத்துக்குறியேற்றத்திலும் அமையலாம் என்றும், பல மொழிகளில் தரவேண்டின் மாற்று வடிவங்களாக அடுக்கலாம் என்றும் ஆர்.எப்.சி. 1892 வெளிப்படையாகவே கூறுகிறது.

இந்த வாயில் திறந்தபோது தமிழ் அதன் வழியே நுழையும் நிலையில் இருக்கவில்லை. 'எந்த மொழியிலும்' என்பதை விட 'வரையறுக்கப்பட்ட எழுத்துக்குறியேற்றத்தில்' என்ற தொடரே இங்கு முக்கியமானது. 1991ஆம் ஆண்டின் ஒருங்குறி முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் வீட்டுக் கணினியில் அதனைப் பயன்படுத்தும் வழி விண்டோஸ் 2000 வரும்வரை பரவவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ் மடல்கள் தனித்தனி எழுத்துருக்களில் சென்றன. சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடலாடற்குழுவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை முதலியவற்றால் தமிழிலேயே மடல்கள் எழுதப்பட்டன. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 ஆகிய மாநாடுகளின் பெரும் விவாதம் குறியேற்றமே. சென்னை மாநாட்டின் வழியே டாம், டாப் ஆகியவையும், இணையவழிக் கலந்துரையாடலின் விளைவாகத் திஸ்கியும் வந்தன. திஸ்கி பிற்காலத்தில் இயானாவின் பதிவேட்டில் இடம்பெற்றது.

குறியேற்றப் பெயர் இன்றி 8-பிட் எழுத்துருவில் சென்ற தமிழ் மடல் ஒன்று திரும்பி வந்தால், மேலே ஆங்கில விளக்கம், கீழே மேற்கு ஐரோப்பிய எழுத்துகளின் பொருளற்ற கோவையாகச் சிதைந்த தமிழ். எழுதியவருக்குத் தம் மடலே அடையாளம் தெரியாது. அறிவிப்புக்குத் தமிழ் உரை எழுதுவது அன்று யாருடைய அவசரத் தேவையாகவும் இருந்திருக்க முடியாது. மடலே முழுதாகப் போய்ச் சேர்வது அரிதாக இருந்த காலம் அது.

திரும்பலின் மீது ஐயம்

குறியேற்றச் சிக்கல் தணியத் தொடங்கிய வேளையில் மற்றொரு தடை எழுந்தது. 2003 ஆகஸ்டில் சோபிக்-எப் என்னும் புழு, பிறருடைய முகவரிகளை அனுப்புநராக இட்டுக் கோடிக்கணக்கான மடல்களைப் பரப்பியது. அவற்றை ஏற்றுப் பின்னர்ச் சேர்க்க இயலாத வழங்கிகள், தொடர்பே இல்லாதவர்களுக்கு அறிவிப்புகளை அனுப்பின. 2004 ஜனவரியில் வந்த மைடூம் ஒருபடி மேலே சென்றது: தன்னையே சேராத மடலின் அறிவிப்பாக வேடமிட்டு, விளக்கம் இணைப்பில் உள்ளதென்று கூறி அதனைத் திறக்கவைத்தது. அதற்குப் பின் 'பவுன்ஸ் வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்' என்பது வீடுகளில் பெற்றோருக்குப் பிள்ளைகள் சொல்லும் அறிவுரையாயிற்று. ஆங்கிலம் வாசிப்பவர் உண்மையையும் போலியையும் ஓரளவு வேறுபடுத்தலாம். வாசிக்காதவருக்கு இரண்டும் ஒன்றே. உண்மையான அறிவிப்பும் அழிந்தது.

இந்நிகழ்வுகளின் மற்றொரு விளைவே நம் வினாவுக்கு நெருக்கமானது. மடலை ஏற்றுக்கொண்டு பின்னர் திருப்பும் பழக்கத்தை வழங்கிகள் குறைத்துக்கொண்டன. பெறுநரின் வழங்கி வாசலிலேயே மறுக்கத் தொடங்கியது. அவ்வாறு மறுக்கும்போது அறிவிப்பை எழுதும் கடமை யாருடையது? மடலை ஏற்கெனவே ஏற்றுப் பொறுப்பில் வைத்திருக்கும், அனுப்பியவரின் சொந்த வழங்கியுடையது. அறிவிப்பு தொலைநாட்டிலிருந்து வருவது போலத் தோன்றினாலும் பெரும்பாலும் நம் வீட்டு வழங்கியே அதை எழுதுகிறது. முன்னர், 'முகந்தெரியாத அனுப்புநரின் மொழி எமக்கு எவ்வாறு தெரியும்?' என்று ஒரு வழங்கியின் பொறுப்பாளர் கேட்பது நியாயம். தம் உறுப்பினருக்கே எழுதும்போது அவ்வாறு கேட்க இயலாது. மெரிலேண்ட்ஸ் அமைப்பின் அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்ததற்குப் பொறுப்பு அமெரிக்க மென்பொருளாளரிடம் இல்லை, எங்களிடமே இருந்தது.

வார்ப்புருவைத் தமிழில் எழுதுதல்

வீட்சே வெனெமா எழுதி 1998 இறுதியில் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ், 2006 ஜூலையில் தன் 2.3ஆம் பதிப்பில் அறிவிப்பு வார்ப்புருக்களை மாற்றும் வசதியைத் தந்தது. வார்ப்புருக்கள் நான்கு: தோல்விக்கு ஒன்று, தாமதத்துக்கு ஒன்று, வெற்றிக்கு ஒன்று, முகவரிச் சோதனைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் குறியேற்றம், அனுப்புநர், பொருள் ஆகிய வரிகள், பின் உரை. தமிழ் எழுதுவோர் குறியேற்ற வரியில் யூ.டி.எப்-8 என இடுதல் இன்றியமையாதது. அதனை மறந்து ஆஸ்கி என்றே விட்டு உரையில் தமிழ் எழுதினால், மென்பொருள் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதிவிட்டு அந்த வார்ப்புருவைப் புறக்கணித்துத் தன் ஆங்கில உரையையே அனுப்பும். பொருள் வரியைத் தமிழில் தர விரும்பினால் மைம் குறியீட்டு வடிவில் மாற்றி எழுதுவது பாதுகாப்பானது. வழங்கியில் இடும் முன் வார்ப்புருவை விரித்துக் காட்டும் கட்டளையும் உண்டு. தொழில்நுட்ப வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது. உரை எழுத மூன்று வாரங்கள் ஆயின.

முதலில் எழுந்தது குரல் பற்றிய சிக்கல். மூல ஆங்கில உரையில் வழங்கி 'நான்' என்று தன்மையில் பேசி வருத்தம் தெரிவிக்கிறது. தமிழில் ஒரு பொறி 'வருந்துகிறேன்' என்பது நகைப்பாக ஒலித்தது. 'எங்களால் சேர்க்க இயலவில்லை' என்று அமைப்பின் குரலில், கேட்போரை உளப்படுத்தாத பன்மையில் எழுதினோம். 'சேரவில்லை' என்று தன்வினையில் எழுதினால் பொறுப்பாளி இல்லாது போகிறார். 'சேர்க்க இயலவில்லை' என்னும் பிறவினையில் முயன்றவர் யார் என்பது தெரிகிறது. மடலை ஏற்றவரே பொறுப்பாளர் என்ற 1982இன் விதிக்கும் அதுவே பொருந்தும்.

தாமத அறிவிப்பில் வேறொரு தடை. இது எச்சரிக்கை மட்டுமே, மீண்டும் அனுப்ப வேண்டாம் என்ற பொருளுள்ள வாக்கியத்தை மூல உரை முழுதும் பெரிய எழுத்துகளில் தருகிறது. தமிழில் பெரிய எழுத்து இல்லை. எனவே அழுத்தத்தை இடத்தால் காட்ட வேண்டியிருந்தது. அவ்வாக்கியத்தை முதல் வரியாக்கினோம்: 'உங்கள் மடலை மீண்டும் அனுப்ப வேண்டாம். அது எங்களிடம் உள்ளது. 5 நாள்வரை தொடர்ந்து அனுப்ப முயல்வோம்.' போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகத் தாமத அறிவிப்பை அனுப்புவதில்லை. 5 நாள் முயன்றபின் தோல்வியை மட்டும் தெரிவிக்கும். செண்ட்மெயிலின் வழக்கத்தை ஒட்டி 4 மணி நேரம் என்று அமைத்தோம். இழவுச் செய்திக்கு ஐந்து நாள் மௌனம் மிக நீண்டது.

மிகக் கடினமானது 5.1.1. ஆங்கிலத்தில் பயனர் அறியப்படவில்லை என்ற பொருளில் வரும் தொடரை, வீட்டில் ஒரு பேரப்பிள்ளை தாத்தாவுக்கு 'அந்த ஆள் இல்லையாம்' என்று மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். வன்னியில் உறவினரைத் தேடிய அந்த முதியவர், அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், செஞ்சிலுவைக் குழு வழியாகச் செல்லும் திறந்த செய்தித்தாள்களே பலருக்கு வழி. அக்காலத்தைக் கடந்து வந்தவருக்கு ஒருவர் 'இல்லை' என்ற சொல் என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர் தட்டச்சிட்ட முகவரியில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது, அவ்வளவே. 'பயனர் இல்லை' என்று கலைச்சொல் அகராதி மனப்பான்மையில் பெயர்த்திருந்தால், எங்கள் தமிழ் அறிவிப்பும் அதே கொடுமையைச் செய்திருக்கும்.

இங்கே கருவியின் வரம்பும் குறுக்கிட்டது. எக்ஸ்சேஞ்ச் 2007 போன்ற வழங்கியில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒவ்வொரு மொழியில் தனி வாசகம் அமைக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸில் எல்லாத் தோல்விக்கும் ஒரே வார்ப்புரு. காரணம், மறுத்த வழங்கி சொன்ன சொற்களிலேயே கீழே ஒட்டப்படும். அது ஆங்கிலமாகவே இருக்கும். ஆகையால் வார்ப்புருவுக்குள்ளேயே எண்களுக்கு ஒரு விளக்கம் சேர்த்தோம். '5.1.1 என்று இருந்தால்: நீங்கள் எழுதிய முகவரி அந்த வழங்கியின் பதிவில் இல்லை. முகவரியின் எழுத்துகளைச் சரிபார்க்கவும். இது முகவரியைப் பற்றிய செய்தி மட்டுமே. அவரைப் பற்றிய செய்தி அன்று.' 5.2.2க்கும் 5.7.1க்கும் இவ்வாறே ஒவ்வொரு வரி. பொறிகளுக்காக வகுத்த எண், மொழி தெரியாத மனிதருக்கும் உதவியது இவ்வாறுதான்.

மாற்று வடிவங்களாகப் பல மொழியில் அடுக்கும் 1996ஆம் ஆண்டின் ஏற்பாட்டுக்கு இவ்வார்ப்புருவில் இடமில்லை, ஒரே உரைப்பகுதிதான். எனவே தமிழ் மேலும் ஆங்கிலம் கீழுமாக எழுதினோம். ஆங்கிலத்தை முதலில் வைக்க வேண்டும் என்று அமைப்பில் சிலர் வாதிட்டனர். ஆங்கிலம் அறிந்தவர் கீழே உருட்டிச் சென்று வாசிப்பார், தமிழ் மட்டும் அறிந்தவர் முதல் வரி ஆங்கிலமாயின் அழித்துவிடுவார் என்ற விடையே இறுதியில் நிலைத்தது. இணைப்பு எதையும் திறக்கத் தேவையில்லை என்ற வரியையும், ஐயம் இருந்தால் தொலைபேசியில் கேட்கலாம் என்ற வரியையும் சேர்த்தோம். மைடூமின் நிழல் இன்னும் அகலவில்லை.

முகவரியே தமிழாகும்போது

2012 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்.எப்.சி. 6531, முகவரியின் இரு பக்கங்களிலும் எம்மொழி எழுத்தையும் ஏற்றது. உடன்வந்த ஆர்.எப்.சி. 6533 அறிவிப்புக்குள் அத்தகைய முகவரியை எழுதும் முறையை வகுத்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் 3.0ஆம் பதிப்பில் இதனை ஏற்றுக்கொண்டது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாட்டு மேல்நிலைக் களப்பெயர்களும் தமிழ் எழுத்தில் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஆனால் பழைய வழங்கி ஒன்றுக்கு அறிவிப்பு செல்ல நேர்ந்தால், 6533இன் விதிப்படி தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அடைப்புக்குள் ஒருங்குறி எண்ணாக மாற்றப்படும். தமிழில் எழுதிய பெயர் அனுப்பியவருக்கே வாசிக்க இயலாத எண்கோவையாகத் திரும்பும் நிலை, திஸ்கிக்கு முந்திய நாள்களை நினைவூட்டுகிறது. ஒரு வேறுபாடு: அன்று சிதைவு தற்செயல், இன்று அது விதிப்படி நிகழ்வது, மீட்டெடுக்கவும் கூடியது.

தமிழ் முகவரியை ஏற்காத வழங்கியிடம் மடல் செல்லும்போது எழும் குறியீடு 5.6.7. முதியோர் சிலர் தம் பேரப்பிள்ளைகள் அமைத்துக் கொடுத்த தமிழ் முகவரிகளுக்கு எழுதத் தொடங்கியபின் இக்குறியீடு எங்கள் பதிவேட்டில் தோன்றலாயிற்று. வார்ப்புருவின் விளக்கத்தில் நான்காவது வரியாக இதனைச் சேர்த்திருக்கிறோம்: '5.6.7 என்று இருந்தால்: நீங்கள் எழுதிய தமிழ் முகவரியில் பிழை இருக்கத் தேவையில்லை. அந்த வழங்கி தமிழ் எழுத்தை இன்னும் ஏற்பதில்லை. அவருக்கு வேறு முகவரி இருந்தால் அதற்கு அனுப்பவும்.'